பாஸ்கா நாடகம், புனித வெள்ளி, மறைக்கல்வி வகுப்பு: யூதர் மேல் பழி போடாமல் தயாரிப்பது எப்படி

தவக்காலம் தொடங்கிவிட்டால் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்குகளில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கும். இளைஞர் குழு, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடக நோட்டைத் தூசி தட்டி எடுக்கும். பாடகர் குழு புனித வெள்ளிப் புலம்பல்களுக்குச் சுருதி பார்க்கும். மறைக்கல்வி டீச்சர்கள் பாடுகளின் பாடத்தை நடத்துவார்கள். மூன்று இடத்திலும் "யூதர்கள் இயேசுவைக் கொன்றார்கள்" என்ற வரி யாரும் கவனிக்காமலே உள்ளே வந்துவிடும். திருச்சபை இந்த வரியை 1965இலேயே கைவிட்டுவிட்டது. நாடக நோட்டும் பாட்டுப் புத்தகமும்தான் இன்னும் கைவிடவில்லை. மூன்றையும் எப்படிச் சரிபார்ப்பது, எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதற்கான குறிப்பு இது.

"இங்கே யூதரே இல்லையே, யார் மனசு புண்படப் போகிறது?" என்று கேட்பார்கள். இல்லாததால்தான் கூடுதல் கவனம் வேண்டும். நெல்லித்தோப்பிலோ மஞ்சக்குப்பத்திலோ வளரும் பிள்ளைக்குப் பக்கத்து வீட்டில் யூதர் யாரும் கிடையாது. மேடையிலும் வகுப்பிலும் காட்டுகிற யூதர்தான் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே யூதர். தப்பாகக் காட்டினால் திருத்துவதற்கு நேரில் ஆள் இல்லை. நம் பேச்சுவழக்கில் துரோகிக்கு "யூதாஸ்" என்றும் வேஷக்காரனுக்குப் "பரிசேயன்" என்றும் பெயர் நிலைத்துவிட்டதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் படிக்க வேண்டியவை

நோட்டைத் திருத்த உட்காருமுன் இரண்டு ஏடுகளைப் படித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். முதலாவது, உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்றச் சமயங்களைப் பற்றி வெளியிட்ட 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' அறிக்கை, எண் 4. முழு ஏட்டுக்கே ஐந்து எண்கள்தான். இரண்டாவது, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் 597, 598, 839 ஆகிய எண்கள்.

நம் பகுதியில் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே'யைப் பல்சமய உரையாடல் கூட்டங்களில்தான் கையில் எடுப்பார்கள். இந்து சமயத்தைப் பற்றிப் பேசும் எண் 2 நமக்கு நெருக்கமானது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஏடு பிறந்ததே எண் 4க்காக. முதலில் யூதரைப் பற்றி மட்டும் ஓர் அறிக்கை எழுதுவதாகத்தான் இருந்தது. மற்றச் சமயங்கள் பிறகு சேர்ந்தன. 1965 அக்டோபர் 28 அன்று 2,221 ஆயர்கள் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, திருத்தந்தை ஆறாம் பவுல் அதை வெளியிட்டார்.

எண் 4 சொல்வதை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். யூத அதிகாரிகளும் அவர்களைப் பின்பற்றியவர்களும் இயேசுவின் சாவுக்கு வற்புறுத்தினார்கள். ஆனாலும் அந்தப் பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர் மேலும் வேறுபாடின்றிச் சுமத்த முடியாது, இன்றைய யூதர் மேலும் சுமத்த முடியாது. யூதர் கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று, விவிலியமே அப்படிச் சொல்வதுபோலக் காட்டக் கூடாது. யூதருக்கு எதிரான பகையை, எக்காலத்தில் யார் காட்டினாலும், திருச்சபை கண்டிக்கிறது.

மறைக்கல்வி 598 இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிறிஸ்துவின் பாடுகளுக்குக் காரணம் பாவிகள்தான், அதிலும் கிறிஸ்தவப் பாவிகளின் குற்றம் பெரிது என்கிறது. இது புதுச்சரக்கு அல்ல. திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு 1566இல் வந்த உரோமை மறைக்கல்வி ஏட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. "புதுசா ஏதோ நுழைக்கிறீங்க" என்று குழுவில் யாராவது முறைத்தால் இந்த ஆண்டைக் காட்டுங்கள். ஏட்டில் ஒன்று இருந்தது. பிரசங்கத்திலும் செபத்திலும் நாடகத்திலும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதைச் சரிசெய்யும் வேலை.

ஒரு சொல்லை எடுக்க எத்தனை ஆண்டு

மாற்றம் எப்படி வந்தது என்று டீச்சர்கள் சொல்லிக்கொடுக்க, புனித வெள்ளி மன்றாட்டு ஒன்றே போதும். அதைத் தொடர்ந்து பார்த்தால் முழு வரலாறும் வந்துவிடும்.

பழைய இலத்தீன் வழிபாட்டில் அன்று யூதருக்காக மன்றாடும்போது, நம்பிக்கை இல்லாதவர்கள், நம்பிக்கைத் துரோகிகள் என்று ஒலிக்கும் 'பெர்ஃபிதிஸ்' என்ற அடைமொழி வரும். மற்ற மன்றாட்டுகளுக்கு "முழந்தாளிடுவோம்" என்று அழைப்பு உண்டு. யூதருக்கான மன்றாட்டுக்கு மட்டும் கிடையாது. 1926இல் உரோமையில் 'இஸ்ரயேலின் நண்பர்கள்' என்று ஓர் அமைப்பு தொடங்கி, கர்தினால்களும் ஆயர்களும் ஆயிரக்கணக்கான குருக்களும் சேர்ந்தார்கள். அந்த அடைமொழியை எடுங்கள் என்று கேட்டார்கள். 1928 மார்ச் 25 அன்று அமைப்பே கலைக்கப்பட்டது. கலைத்த அதே ஆணையில் யூதப் பகையைக் கண்டிக்கும் வரியும் இருந்தது! பத்தாண்டு கழித்து, 1938 செப்டம்பரில், பெல்ஜியத் திருப்பயணிகளிடம் திருத்தந்தை பதினோராம் பயஸ் 'ஆன்மிகத்தில் நாமெல்லாம் செமித்தியர்' (யூதர் வழிவந்தவர்கள்) என்று கண் கலங்கிப் பேசினார். மன்றாட்டு மட்டும் அசையவில்லை.

நாசிகள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்று முடித்த பிறகுதான் கதவு திறந்தது. 1955 சீர்திருத்தத்தில் முழந்தாளிடுதல் திரும்ப வந்தது. 1959 புனித வெள்ளியன்று திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அந்த அடைமொழியை நீக்கினார். 1970 திருப்பலி நூலில் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. கடவுளின் வார்த்தையை முதலில் கேட்ட மக்கள் அவர் பெயர்மீது அன்பிலும் அவருடைய உடன்படிக்கைக்கு உண்மையாயிருப்பதிலும் வளரவேண்டும் என்று இன்று நாம் மன்றாடுவது இதுதான். பத்து மன்றாட்டுகளில் இது ஆறாவது.

இடையில் ஒருவர் பெயரை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள்: ழூல் இசாக். பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர். பிரான்சில் தலைமுறை தலைமுறையாகப் படித்த வரலாற்றுப் பாடநூல்கள் அவருடையவை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த பெரியவர்கள் சிலருக்குப் பெயர் நினைவிருக்கக்கூடும். அவருடைய மனைவியையும் மகளையும் நாசிகள் கொன்றார்கள். இவ்வளவுக்கும் வேர் கிறிஸ்தவப் போதனையில் எங்கே இருக்கிறது என்று அவர் நற்செய்தி நூல்களை வரிவரியாகப் படித்து எழுதினார். 1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பர்க்கில் கூடிய கூட்டம், கிறிஸ்தவப் போதனையிலிருந்து யூதப் பகையைக் களைய வகுத்த பத்து அம்சங்களுக்கு அவர் உழைப்பு அடிப்படை. 1960 ஜூன் 13 அன்று இருபத்து மூன்றாம் யோவானை நேரில் சந்தித்தார். அதே ஆண்டு செப்டம்பரில், பின்னர் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே'யாக வந்த அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு கர்தினால் அகுஸ்தின் பெயாவிடம் போனது.

சங்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம்: 1974இல் வழிகாட்டுதல், 1985இல் மறையுரைக்கும் மறைக்கல்விக்குமான குறிப்புகள், 1986 ஏப்ரல் 13இல் இரண்டாம் யோவான் பவுல் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குப் போய் யூதரை மூத்த சகோதரர்கள் என்றது, 2000 மார்ச்சில் எருசலேம் மேற்குச் சுவரில் மன்னிப்பு மன்றாட்டைச் செருகி வைத்தது. நாடகக் குழுவுக்கு இந்தப் பட்டியலில் மிக உதவுவது 1985 குறிப்புகள்தான்.

நாடக நோட்டைத் திருத்துதல்

விபூதிப் புதனுக்கு அடுத்த வாரமே உட்காருங்கள். ஒத்திகை தொடங்கி வசனம் மனப்பாடமான பிறகு வெட்டினால், மேடையில் பழைய வசனம்தான் வாயில் வரும். இயக்குநர், ஒரு மறைக்கல்வி டீச்சர், கதை சொல்லி ஆகிய மூவர் போதும். பங்குத்தந்தையிடம் திருத்திய படியைக் கொடுத்தால் அவருக்கும் வேலை குறையும்.

நோட்டை நகல் எடுத்து, "யூதர்", "யூதர்கள்" வரும் இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். "யூதர்களின் அரசர்" என்பது உரோமை ஆளுநர் பிலாத்து எழுதிய குற்றச்சாட்டு, அவற்றை விட்டுவிடுங்கள். மீதியுள்ள ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில், அங்கே உண்மையில் பேசுவது யார் என்று எழுதுங்கள்: தலைமைக் குருக்களா, கோவில் காவலரா, உரோமைப் படைவீரரா, பிலாத்துவின் வாசலில் நின்ற கூட்டமா. நாடக நோட்டில் "யூதர்" என்று பொதுப்பெயர் வந்த இடத்தில் இந்தக் குறிப்பான பெயரை வைத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும். சாட்டையால் அடிப்பதும் முள்முடி சூட்டுவதும் ஆணி அடிப்பதும் உரோமை வீரர்கள். "யூதர்கள் ஆணி அடித்தார்கள்" என்று கதைசொல்லி சொன்னால் அது நற்செய்தியிலேயே இல்லாதது.

அடுத்து நீலப் பென்சில். இயேசுவுக்கு எதிரான ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் அதிகாரமும் வசன எண்ணும் எழுதுங்கள். எண் கிடைக்காத வசனத்தை வெட்டுங்கள். தலைமைக் குரு கயபா சிரித்துக்கொண்டே காசு எண்ணுவது, குருக்கள் கூடி இயேசுவின் தாயைக் கேலி செய்வது போன்றவை நீலத்தில் சிக்கும். கைதட்டல் வாங்கும் காட்சிகள் என்பதால் இவற்றை வெட்டும்போது சண்டை வரும். வரட்டும்.

பெரும்பாலான நோட்டுகளின் அடிப்படைக் கோளாறு, நான்கு நற்செய்திகளையும் கலக்குவது. யோவானிலிருந்து "யூதர்கள்" என்ற பொதுச்சொல், மத்தேயுவிலிருந்து பிலாத்து கை கழுவுவது, இரத்தப்பழி வசனம் (27:25), லூக்காவிலிருந்து "இவரிடம் குற்றம் காணவில்லை" என்று மூன்று முறை சொல்லும் பிலாத்து. ஒவ்வொன்றிலும் கடுமையானதைப் பொறுக்கிச் சேர்த்தால், எந்த நற்செய்தியிலும் இல்லாத ஓர் ஐந்தாவது கதை உருவாகும். நான்கு பேரிடமும் உள்ள ஆறுதலான வரிகள் விட்டுப்போகும். அமெரிக்க ஆயர்கள் 1988இல் பாடுகளின் நாடகங்களுக்காக வெளியிட்ட அளவுகோல்களும் இந்தக் கலவையைத்தான் எச்சரிக்கின்றன. ஒரு நற்செய்தியை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்துக்கு லூக்கா மிகவும் ஏற்றது: இயேசுவின் பின்னால் அழுதுகொண்டே போகும் பெருங்கூட்டம் (23:27), சிலுவைக்குப் பிறகு மார்பில் அடித்துக்கொண்டு திரும்பும் மக்கள் (23:48) இரண்டும் அவரிடம்தான் உண்டு. அந்தக் கூட்டமும் யூதர்கள்தானே.

மத்தேயு 27:25, "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும்." நாடகத்தில் இதை விட்டுவிடுங்கள். நானூறு ஆண்டுப் பாரம்பரியமுள்ள ஜெர்மனியின் ஓபராம்மர்காவ் நாடகமே 2000இல் இதை நீக்கிவிட்டது. அந்த நாடகத்தை 1934இல் ஹிட்லர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதை இளைஞர்களிடம் சொல்லுங்கள். ஏன் நீக்கினார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது. நாடகத்தில் விளக்கவுரைக்கு இடமில்லை. நாற்பது பேர் கத்த, ஒலிபெருக்கி தெருமுனை வரை கொண்டுபோகும். கேட்கிறவருக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் மனதில் தங்கும்.

பிலாத்து இன்னொரு சிக்கல். நம் மேடைகளில் அவர் நல்லவர், பாவம், யூதர்கள் படுத்தியதால் கையெழுத்துப் போட்டார் என்று வருவார். லூக்கா 13:1ஐப் பாருங்கள்: கலிலேயரைக் கொன்று அவர்கள் இரத்தத்தைப் பலியோடு கலந்தவர் அவர். கடைசியில் சமாரியரைக் கொன்ற புகாரில் பதவியிலிருந்து உரோமைக்கு அனுப்பப்பட்டார். சிலுவைச் சாவு உரோமைத் தண்டனை, தீர்ப்பு உரோமைத் தீர்ப்பு. அவருடைய இருக்கையைத் தலைமைக் குருவின் இருக்கையைவிட இரண்டு படி உயரத்தில் வையுங்கள். யார் கையில் அதிகாரம் என்பது வசனமில்லாமலே புரியும். கயபாவுக்கு, தலைமைச் சங்கத்தார் பேசும் யோவான் 11:48ஐக் கொடுங்கள். உரோமையர் வந்து நம் கோவிலையும் மக்களையும் அழித்துவிடுவார்கள் என்ற அச்சம் அதில் தெரியும். நடிப்பவருக்கும் அது வில்லன் சிரிப்பைவிடத் தீனி உள்ள பாத்திரம்.

யூதச் சமயக் குழுவினரான பரிசேயரை விசாரணைக் காட்சியில் நிறுத்தாதீர்கள். பாடுகளின் பகுதியில் அவர்கள் பெயரே அரிது: யோவான் 18:3, மத்தேயு 27:62, அவ்வளவுதான். ஏரோது கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்ததே பரிசேயர் சிலர்தான் (லூக்கா 13:31).

கூட்டத்துக்கு 20 பேர் கிடைத்தால் 20 பேரையும் கத்த விடாதீர்கள். பிலாத்துவின் படியருகே 6 பேர் போதும். 5 பேர் அழும் பெண்கள். மீதிப் பேர் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும், விலகிப்போகும் மக்கள். பாஸ்கா விழாவுக்கு வந்து எருசலேமில் நிரம்பியிருந்த யூதரில் அந்த முற்றத்தில் நின்றவர்கள் ஒரு கைப்பிடிதான் என்பது இப்படித்தான் மேடையில் தெரியும்.

உடையில் நடக்கும் தப்பு பேச்சில் நடப்பதைவிடப் பெரிது. இயேசுவுக்கும் சீடருக்கும் வெள்ளை, குருக்களுக்குக் கறுப்பு, யூதாசுக்கு மஞ்சளும் பணப்பையும். இது ஐரோப்பிய ஓவியங்களிலிருந்து காலண்டர் படம் வழியாக நம் மேடைக்கு வந்தது. யூதாசு மட்டும் யூதர், மற்றப் பதினொருவரும் என்னவோ ஞாயிறு பூசைக்கு வந்த நம்மவர்கள் என்ற நினைப்பை இது உண்டாக்கும். ஒரே துணிக்கடையில் ஒரே வகைத் துணி எடுத்து, இயேசு, மரியா, பேதுரு, கயபா, யூதாசு எல்லாருக்கும் ஒரே வெட்டில் தைத்து, தலைத்துணியில் மட்டும் பதவி வேறுபாடு காட்டுங்கள். ஒட்டு மூக்கு, குறுந்தாடி போன்ற 'யூத மேக்கப்' அறவே வேண்டாம்.

கடைசியாக அடக்கக் காட்சி. நேரம் போகிறது என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். இயேசுவின் உடலைத் துணிந்து கேட்டு வாங்கும் அரிமத்தியா யோசேப்பு அதே தலைமைச் சங்கத்தின் உறுப்பினர், அந்தத் தீர்மானத்துக்கு ஒத்துக்கொள்ளாதவர் (லூக்கா 23:50–51). லூக்காவையே முதுகெலும்பாக வைத்த நோட்டில் இந்த 4 நிமிடத்தை வெட்டவே கூடாது. நேரம் குறைக்க வேண்டுமென்றால் சாட்டையடியில் குறையுங்கள்.

புலம்பலும் ஒப்பாரியும்

பழைய புலம்பல்களில் "பாவி யூதர்", "கொடிய யூதர்" என்று அடைமொழி வந்தால் பாட்டையே தூக்கியெறிய வேண்டாம். மெட்டுக்குள் மாற்றலாம். "யூதர்" தேமாச் சீர். "வீரர்", "மூப்பர்", "நானே" மூன்றும் தேமா, தாளம் இடறாது. அடிப்பது, அறைவது வரும் அடியில் "வீரர்". குற்றம் சாட்டும் அடியில் "மூப்பர்". புலம்பும் அடியில் "நானே". "பாவி யூதர் அறைந்தாரே" என்பது போல ஓர் அடி இருந்தால், "பாவி நானே அறைந்தேனே" என்று பாடிப் பாருங்கள். மெட்டு அப்படியே நிற்கும். 1566 மறைக்கல்வி ஏடு சொன்னதும் அதுதான். பாட்டும் கனம் கூடிவிடும். எதுகை 'த'வில் நின்றால் ("நாதர்", "பாதம்" போல) "வீரர்" இடிக்கும். அங்கே சொல்லைத் திணிக்காமல் அந்த அடியை முழுதாக மாற்றி எழுதுங்கள்.

இதைப் பாடும் பெரியவர்களிடம் காகிதத்தை நீட்டி "இது தப்பு" என்றால் அந்த ஆண்டுப் பாட்டே நின்றுவிடும். "பெரியப்பா, இந்த அடியை 'நானே'ன்னு ஒருதடவை பாடிக் காட்டுங்களேன்" என்று கேளுங்கள். அவர் பாடி, அவருக்கே பிடித்துப்போனால் அடுத்த ஆண்டு நீங்கள் நினைவூட்டவே வேண்டாம்.

வீட்டில் வைத்துப் படிக்கும் பழைய செபப் புத்தகமானால் பதிப்பாண்டைப் பாருங்கள். 1970க்கு முந்தையதாக இருந்தால் புனித வெள்ளிப் பக்கங்களைப் பொதுவில் வாசிக்குமுன் பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள்.

வழிபாட்டில்: எதைத் தொடக் கூடாது

நாடகத்தில் வெட்டலாம் என்பதால் நற்செய்தி வாசகத்திலும் வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். வாசக நூலில் உள்ளதை உள்ளபடியே வாசிக்க வேண்டும். வாசகர் தானாக "யூதர்கள்" என்பதை மாற்றிப் படிப்பது கூடாது. உங்களுக்குள்ள இடம் முன்னுரை, குரல் பங்கீடு, மறையுரை.

குருத்து ஞாயிறு வாசகம் எது என்று தெரிய ஆண்டை 3ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் மத்தேயு, 2 என்றால் மாற்கு, மீதி இல்லையென்றால் லூக்கா. 2026க்கு மத்தேயு, எனவே இரத்தப்பழி வசனம் அந்த ஆண்டு கோவிலில் ஒலிக்கும். புனித வெள்ளிக்கு எல்லா ஆண்டும் யோவான் 18–19. "யூதர்" என்ற சொல் யோவான் நற்செய்தி முழுவதும் ஏறத்தாழ 70 முறை வருகிறது. மற்ற மூன்றையும் சேர்த்தாலும் 20ஐத் தொடாது. புனித வெள்ளியன்று ஒரே மூச்சில் இருபது முறைபோல அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் மக்களுக்கு முன்னுரை இல்லாமல் விடக் கூடாது.

முன்னுரை 40 வினாடிக்குள் முடிய வேண்டும். இப்படி இருக்கலாம்: "இயேசுவும் அன்னை மரியாவும் சீடர்களும் யூதர்கள். யோவான் 'யூதர்' என்று எழுதும்போது பல இடங்களில் குறிப்பது எருசலேமின் சில அதிகாரிகளை. பாடுகளின் பழியை அன்றைய எல்லா யூதர் மேலும் இன்றைய யூதர் மேலும் சுமத்தக் கூடாது என்று திருச்சபை கற்பிக்கிறது. நம் பாவங்களுக்காக அவர் பட்ட பாடுகளைக் கேட்போம்." இதற்கு மேல் நீட்டினால் வாசகத்துக்கு முன்பே மக்கள் களைத்துவிடுவார்கள்.

குரல் பிரித்து வாசிக்கும்போது, "சிலுவையில் அறையும்" என்ற கூட்டத்தின் குரலைப் பாடகர் குழுவுக்கு மட்டும் கொடுக்காமல் சபை முழுவதற்கும் கொடுங்கள். கத்துகிறவர்கள் நாம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மறையுரையும் சொல்லாது. மத்தேயு ஆண்டில் 27:25க்கு மறையுரையில் ஒரு வரி ஒதுக்கக் கேளுங்கள்: இயேசுவின் இரத்தம் பழி கேட்கும் இரத்தம் அல்ல, ஒப்புரவாக்கும் இரத்தம் என்று பதினாறாம் பெனடிக்ட் 2011இல் இந்த வசனத்துக்கு விளக்கம் எழுதினார்.

சிலுவை ஆராதனையில் "என் மக்களே, நான் உங்களுக்கு என்ன செய்தேன்?" என்ற முறையீட்டைப் பாடுவதானால், அந்த "மக்கள்" இங்கே கூடியிருக்கும் நாம் என்று அறிவிப்பவர் ஒரு வரி சொல்லட்டும். பெரிய வியாழனன்று யூதர்களின் பாஸ்கா உணவை நடித்துக் காட்டும் பழக்கம் எங்காவது இருந்தால் விட்டுவிடுவது நல்லது. இன்று யூதர் வீடுகளில் நடக்கும் முறை, கி.பி. 70இல் எருசலேம் கோவில் இடிந்த பிறகு உருவானது. இயேசுவின் இரவுணவு அப்படியே இதுதான் என்று காட்டுவதும் தப்பு, அவர்களுடைய வழிபாட்டை நம் வேடிக்கையாக்குவதும் தப்பு.

வகுப்பில்

ஆண்டு முழுதும் நடக்கும் ஒரு சறுக்கலை முதலில் பிடியுங்கள்: "பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர்." உன்மீது நீ அன்புகூர்வதுபோல் அடுத்தவர்மீதும் அன்புகூர்வாயாக என்பது லேவியர் 19:18. கடவுளை முழு இதயத்தோடு அன்புசெய் என்பது இணைச்சட்டம் 6:5. இயேசு எடுத்துச் சொன்ன இரண்டு பெரிய கட்டளைகளும் அங்கிருந்து வந்தவை. பிள்ளைகளை அந்தப் பக்கங்களைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

யூதர் என்றால் விவிலியத்தோடு முடிந்துபோனவர்கள் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது என்று சொல்லுங்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்: ஜென்மராக்கினி மாதா கோயிலிலிருந்து நடக்கிற தொலைவில் இருக்கும் அரவிந்தர் ஆசிரமத்தின் 'அன்னை' மீரா அல்ஃபாசா, 1878இல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

கேள்விகள் வரும். "யூதங்கதானே டீச்சர் இயேசுவைக் கொன்னாங்க?" என்றால், "சில தலைவர்கள் குற்றம் சாட்டினாங்க, உரோமை ஆளுநர் தீர்ப்புச் சொன்னார், உரோமை வீரர்கள் அறைஞ்சாங்க, அவர் செத்தது நம்ம எல்லார் பாவத்துக்காக" என்று சொல்லி நிறுத்துங்கள். "யூதருக்கு இதில் பங்கே இல்லை" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். சங்க ஏடே அதிகாரிகளின் பங்கைச் சொல்கிறது, பிள்ளைகளும் விவிலியத்தைத் திறந்து உங்களை மடக்குவார்கள்.

"அப்போ அவங்க மோட்சத்துக்குப் போவாங்களா?" கடவுள் தம் அருள்கொடைகளையும் அழைப்பையும் திரும்பப் பெறுவதில்லை என்ற உரோமையர் 11:29ஐ வாசியுங்கள். கிறிஸ்துவை வெளிப்படையாக ஏற்காமலே அவர்கள் எப்படி மீட்பில் பங்குபெறுகிறார்கள் என்பது கடவுளின் ஆழங்காண முடியாத மறைபொருள் என்று 2015 டிசம்பரில் வந்த வத்திக்கான் ஆவணம் சொல்கிறது. யூதரை மதம் மாற்றுவதற்கென்று தனி அமைப்புப் பணி எதையும் திருச்சபை நடத்துவதில்லை என்றும் அதே ஆவணத்தில் உண்டு.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் செய்தி பார்த்துவிட்டு இஸ்ரேல், காஸா என்று கேட்பார்கள். 1985 குறிப்புகள் இதற்கு வழி காட்டுகின்றன: இஸ்ரேல் அரசையும் அதன் அரசியல் முடிவுகளையும் சமயக் கண்ணால் அல்ல, பன்னாட்டுச் சட்டத்தின் பொது நெறிகளால் பார்க்க வேண்டும். ஓர் அரசின் செயலை விமர்சிக்கலாம், ஆதரிக்கலாம். அந்தச் செயலுக்காக உலகத்து யூதர் எல்லாரையும் திட்டுவதும், பாடுகளின் கதையை அதோடு முடிச்சுப் போடுவதும் வகுப்பில் அனுமதிக்க வேண்டாம்.

நாடகம் முடிந்த வாரத்திலேயே திருத்திய நோட்டைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, அட்டையில் ஆண்டைப் போட்டு ஒரு படி பங்கு அலுவலகத்திலும் ஒரு படி இளைஞர் குழுவிலும் கொடுங்கள். மாற்றிய பாட்டடிகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பழைய நோட்டைப் பீரோவில் அப்படியே வைத்தால் அடுத்த ஆண்டு வரும் புது இயக்குநர் அதைத்தான் எடுப்பார். அதன் முதல் பக்கத்தில் "பயன்படுத்த வேண்டாம், புதிய படி அலுவலகத்தில்" என்று பட்டையாக எழுதிவிடுங்கள்.